மெயின் ஸ்டோர் அம்மாவை உள்ளே விடவில்லை

"சார், காலையிலேருந்து அடிச்சு அடிச்சுப் பாக்கறேன். உள்ள விடவே மாட்டேங்குது."

ஸ்வெட்டர் சார் வாயிலிருந்த தேநீரை அவசரமாக விழுங்கிவிட்டு, தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"எங்கேருந்தும்மா பேசறீங்க?"

"மெயின் ஸ்டோர்லேருந்து. இது கம்ப்யூட்டர் செக்ஷன்தானே?"

"கம்ப்யூட்டர் செக்ஷனேதான். பதறாம சொல்லுங்க. திரையில என்ன வருது?"

"கம்ப்யூட்டர் திறக்குது. ஸ்டாக் பாக்கற இடத்துக்குப் போனா மட்டும், 'இந்தப் பயனருக்கு அனுமதி இல்லை'ன்னு வருது."

அது ஒரு பெரிய பேருந்து நிறுவனத்தின் தலைமை அலுவலகம். எந்தப் பேருந்து எப்போது கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநர் எதில் ஏற வேண்டும், எந்த டிப்போவில் எத்தனை டயர் கிடக்கிறது என்பதெல்லாம் ஒரே ஒரு டேட்டாபேஸ் சர்வருக்குள் இருந்தன. அந்தச் சர்வரைக் கட்டிக்காப்பவர் இவர். அது இருக்கும் அறையில் எந்நேரமும் குளிர் அடிக்கும் என்பதால் வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் இவர் ஸ்வெட்டரோடுதான் திரிவார். கட்டடத்தில் பாதிப் பேருக்கு இவர் செய்யும் வேலை என்னவென்றே தெரியாது. லிஃப்டில் ஒரு கண்டக்டர், "எங்க வீட்டு ஏசியில தண்ணி ஒழுகுது, எப்ப வந்து பாக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். ஸ்வெட்டர் சார் திருத்தவில்லை. "ஃபில்டரைக் கழுவிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சர்வர் ஒழுங்காக ஓடும் வரை யாரும் இவரைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் திட்டுவதற்குத்தான் கூப்பிடுவார்கள். அதனால் ஒரு பெண்மணி இத்தனை பணிவாகப் பேசியது அவருக்குப் புதிதாக இருந்தது.

"உங்க லாகின் பேர் என்னம்மா?"

"மெயின்ஸ்டோர்னுதான்."

"ஒரு நிமிஷம்."

அந்தச் சர்வருக்கென்று தனி பாஸ்வேர்டு கிடையாது. வாசலில் யாராவது வந்து நின்றால், "இவர் நம்ம ஆள்தானா?" என்று அது இன்னொரு சர்வரைக் கேட்கும். நிறுவனத்தில் எல்லாருடைய நெட்வொர்க் கணக்கும் அந்த இன்னொரு சர்வரில்தான் இருக்கும். அக்கா தலையாட்டினால்தான் தங்கை கதவைத் திறப்பாள் என்பது மாதிரியான ஏற்பாடு. யாரையாவது விரட்டினால், இன்னாரை விரட்டினேன் என்று தங்கை குறித்தும் வைத்துக்கொள்வாள்.

ஸ்வெட்டர் சார் தேடிப் பார்த்தார். விரட்டப்பட்டவர்களில் மெயின்ஸ்டோர் என்ற பெயரே இல்லை. மற்றவர்களாயிருந்தால் இங்கேயே குழம்பியிருப்பார்கள். அவர் அனுபவசாலி. அவரிடம் எதற்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

"நீங்க கதவைத் தட்டறதே எங்களுக்கு வந்து சேரலம்மா. நடுவுல எங்கேயோ சத்தம் தொலையுது."

"அது எனக்குப் பழகின விஷயம்தான் சார்" என்றாள் அந்த அம்மா. சொன்ன விதத்தில் வருத்தம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"உங்க கம்ப்யூட்டர்ல மணி சரியா இருக்கா பாருங்க. மணி முன்னப்பின்ன இருந்தாலும் சந்தேகப்பட்டு விடாது."

"சுவர்க் கடிகாரத்துக்கும் இதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு சார்."

"அதான் விஷயம்!"

"சுவர்க் கடிகாரம் ஓடலை சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, பெட்டி மேல ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். படிங்க. நான் இங்கேருந்தே உங்க திரையைப் பாக்கறேன்."

"பாதி கிழிஞ்சுபோச்சு சார். மீதியில யாரோ பேனாவுல பூ வரைஞ்சிருக்காங்க."

"நேர்ல வரட்டுமா?" மெயின் ஸ்டோர் ஊரின் அந்தக் கோடியில், பணிமனைக்குப் பின்னால் இருந்தது. போய்ச் சேரவே அரை நாள் ஆகிவிடும்.

"ஐயோ, வேணாம் சார். வண்டி வந்து நிக்குது, மேலேருந்து ஆள் மேல ஆள் வந்து கேக்கறாங்க. நீங்க வந்து சேர்றதுக்குள்ள என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க. நானே ரேக்குல ஏறித் தேடி எடுத்துக் குடுத்துட்டு இருக்கேன். அங்கேருந்தே ஏதாவது பண்ணுங்க."

பிரேக் லைனிங்குக்காக ஒரு பெண்மணி ரேக்கில் ஏறி நிற்பதை நினைத்ததும் ஸ்வெட்டர் சாருக்கு மனசு கேட்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட முடிவு செய்தார்.

அங்கேதான் சங்கடம். பாஸ்வேர்டுகள் அக்கா சர்வரைச் சேர்ந்தவை. அக்கா சர்வர் ஒயர் என்பவருடைய ஆளுகையில் இருந்தது. ஒயரின் அறை எதிரேதான். ஆனாலும் பிரிண்டர் ஒன்று பழுதானது யாரால் என்ற சர்ச்சைக்குப் பிறகு இருவரும் மின்னஞ்சலில் மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

ஸ்வெட்டர் சார் போய் வாசலில் நின்றார்.

"ஒரு பாஸ்வேர்டு மாத்தணும்."

"மெயில் போடுங்க" என்றார் ஒயர், தலையைத் தூக்காமல்.

"நேர்லதான் நிக்கறேனே."

"மெயில்ல நின்னாத்தான் எனக்குக் கண் தெரியும்."

"ஒரு அம்மா ரேக்குல ஏறி நிக்குதுய்யா."

ஒயர் நிமிர்ந்து பார்த்தார். ஏறி நிற்கும் அம்மாவை அவரும் மனத்துக்குள் பார்த்திருக்க வேண்டும். மறுபேச்சு பேசாமல் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தார்.

புதிய பாஸ்வேர்டை ஸ்வெட்டர் சார் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அந்த அம்மா கம்ப்யூட்டரை மூடித் திறந்து அடித்துப் பார்த்தாள்.

"சார், இப்ப கம்ப்யூட்டருக்குள்ளயே விடமாட்டேங்குது! முன்னாடியாவது வீட்டுக்குள்ள இருந்தேன், ஒரு அறைதான் பூட்டியிருந்துது. இப்ப தெருவுல நிக்கறேன்."

"பழையதையே போட்டுப் பாருங்க."

தட்டும் ஓசை கேட்டது. "ஹாங், பழையதுக்குத் திறந்துடுச்சு. ஆனா ஸ்டாக் மறுபடியும் மாட்டேங்குது."

ஸ்வெட்டர் சார் எழுந்தே நின்றுவிட்டார். மாற்றிய பிறகும் பழைய பாஸ்வேர்டு வேலை செய்கிறது! எதிர் அறைக்கு விரைந்தார்.

"உங்க சர்வர் ஒரு இடத்துல ஒண்ணு சொல்லுது, இன்னொரு இடத்துல இன்னொண்ணு சொல்லுது."

"என் சர்வருக்கு என்ன ரெட்டை நாக்கா?"

"அப்ப பழைய பாஸ்வேர்டு எப்படி வேலை செய்யுது?"

ஒயருக்கு முகம் செத்துவிட்டது. அப்படி நடக்கவே கூடாது. நடந்திருக்கிறது என்றால் அது அவருடைய மானப் பிரச்சினை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஸ்வெட்டர் சாரின் அறைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மெயின் ஸ்டோர் சூப்பர்வைசர். கரகரப்பான குரல்.

"சார், திடீர்னு பாஸ்வேர்டு தப்புங்குது. வேலை அப்படியே நின்னுபோச்சு."

"தெரியும். உங்க ஸ்டோர் பிரச்சினையைத்தான் பாத்துட்டு இருக்கோம்."

"பிரச்சினையா? இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்துது?"

"உங்களுக்கு நல்லா இருந்திருக்கும். பக்கத்துல ஒருத்தங்க காலையிலேருந்து தவிச்சிட்டு இருக்காங்க. அதையும் கொஞ்சம் திரும்பிப் பாக்கணும்" என்று சொல்லி வைத்தார் ஸ்வெட்டர் சார். நியாயத்தைப் பேசிவிட்ட நிறைவில் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

இருவரும் சேர்ந்து யோசித்து, அந்தக் கணக்கையே அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக உண்டாக்கினார்கள். செய்யக் கூடாத காரியம். ஒவ்வொரு கணக்குக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் இருக்கிறது. டேட்டாபேஸ் சர்வர் ஆளை அடையாளம் காண்பது அந்த எண்ணை வைத்து, பெயரை வைத்தல்ல. அழித்து மறுபடி உண்டாக்கினால் பெயர் பழையது, எண் புதியது. நேற்று வரை வீட்டுப் பிள்ளையாக இருந்தவன் இன்று முன்பின் தெரியாதவன் ஆகிவிடுவான். இது ஸ்வெட்டர் சாருக்கு நன்றாகத் தெரியும். அதனால் சர்வரில் மெயின் ஸ்டோரின் பழைய அனுமதியை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்கப் போனார். நீக்கியபோது கைதவறி ஸ்டோர்களுக்கெல்லாம் பொதுவான குழுவையே நீக்கிவிட்டார்.

எல்லா டிப்போக்களிலிருந்தும் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"பரவுது" என்றார் ஒயர், கலவரத்தோடு.

"சொன்னேன்ல? அந்த அம்மாவுக்கு வந்தது முதல் அறிகுறி. நாமதான் லேசா எடுத்துக்கிட்டோம்."

மறுபடி தொலைபேசி. இந்த முறை அவள்தான்.

"சார், தொந்தரவு பண்றேனா?"

"நீங்க ஒருத்தர்தாம்மா திட்டாம பேசறீங்க. சொல்லுங்க."

"ஒண்ணுமில்லை. அப்படியேதான் இருக்கு. சும்மா சொல்லணும்னு தோணுச்சு." அவள் குரல் தணிந்தது. "உடம்பு முடியாம பல மாசம் லீவுல இருந்தேன் சார். இன்னிக்குத்தான் திரும்பி வந்தேன். வாசல்ல புது செக்யூரிட்டி. யார் நீங்கன்னு கேட்டான். சரி, பையன் புதுசுன்னு உள்ள வந்தா, என் நாற்காலியில யாரோ தலையணை போட்டு வச்சிருக்காங்க. அதையும் விட்டுட்டேன். கடைசியில இந்த மிஷினும் உன்னைத் தெரியாதுன்னு சொன்னப்பதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நிஜமாவே நான் இங்க வேலை பாத்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

ஸ்வெட்டர் சார் தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். இத்தனை வருடங்களாக ஆயிரக்கணக்கான பேருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார், எடுத்திருக்கிறார். நீண்ட நாள் வராதவர்களின் கணக்கை மூடுவதும் அவர் வேலைதான். சில பெயர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்துவார், பிறகு தேநீர் குடிக்கப் போவார். அந்தப் பெயர்களில் யாராவது ஒருநாள் திரும்பி வந்து, வாசலில் நின்று, தான் யார் என்று தன்னையே கேட்டுக்கொள்வார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"அம்மா" என்றார். "மிஷினுக்கு ஆளைத் தெரியாது. நம்பரைத்தான் தெரியும். அது தெரியாதுன்னு சொன்னா, அது அதோட குறை. உங்களை உள்ள விடாம இன்னிக்கு நான் வீட்டுக்குப் போகமாட்டேன். இது என் பொறுப்பு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீங்க நல்லா இருக்கணும் சார். எங்க ஆளுங்க இந்த மாதிரி பேசி நான் கேட்டதே இல்லை."

அந்த வார்த்தை தந்த வேகத்தில் அவர் அடுத்த காரியத்தைச் செய்தார். டேட்டாபேஸ் சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினார்.

நின்றது. திரும்பத் தொடங்கவில்லை.

டேட்டாபேஸ் சர்வரும் ஒரு நெட்வொர்க் கணக்கின் பெயரில்தான் ஓடியது. ரெட்டை நாக்குக் குற்றச்சாட்டைத் துடைத்துப்போடும் ஆவேசத்தில் ஒயர், முக்கியமான கணக்குகளின் பாஸ்வேர்டுகளை எல்லாம் யாரிடமும் சொல்லாமல் மாற்றிவிட்டிருந்தார். அவற்றில் இந்தக் கணக்கும் ஒன்று. ஊரையெல்லாம் வாசலில் நிறுத்தி யார் நீ என்று கேட்ட சர்வர், இப்போது தானே வாசலில் நின்றது.

பேருந்து நிலையத்தில் நேரம் காட்டும் பலகைகள் எல்லாம் இருண்டன. ஓட்டுநர்கள் எந்த வண்டியில் ஏறுவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஓர் ஓட்டுநர், தனக்கு நெடுநாளாகப் பிடித்திருந்த வழித்தடத்தைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. பொது மேலாளர் கீழே இறங்கி வருகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

"எந்தக் கணக்கை மாத்தினீங்க?" என்றார் ஸ்வெட்டர் சார்.

"எல்லாத்தையும்" என்றார் ஒயர், சின்னக் குரலில்.

பிரிண்டர் காலமாக இருந்திருந்தால் இந்த இடத்தில் இருவரும் பெரிய மின்னஞ்சல்களை எழுதத் தொடங்கியிருப்பார்கள். இப்போது அதற்கு நேரமில்லை. குளிர் அறைக்குள் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒயருக்குப் பல் கிட்டித்தது. ஸ்வெட்டர் சார் தன் மாற்று ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தார். ஒருவர் பாஸ்வேர்டைச் சொல்ல, ஒருவர் அடித்தார். ஒருவர் குழுவைத் திரும்ப உண்டாக்க, ஒருவர் பெயர்களைச் சேர்த்தார்.

"எனக்கும் இதேதான்" என்றார் ஒயர், வேலைக்கு நடுவில். "இணையம் போனா மட்டும்தான் நான் ஒருத்தன் இருக்கேன்னே ஞாபகம் வரும்."

"அந்த அம்மா பேசினதைக் கேட்டிருக்கணும் நீங்க."

"கேட்டேன். நீங்க சொன்ன பதிலையும் கேட்டேன்." ஒயர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லா பேசினீங்க. பிரிண்டர் என் தப்புதான்."

பொழுது சாய்வதற்குள் எல்லாம் சரியாயிற்று. பலகைகள் எரிந்தன. டிப்போக்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. மெயின் ஸ்டோர் சூப்பர்வைசரும் கூப்பிட்டு, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வாசலில் பொது மேலாளர் நின்றுகொண்டிருந்தார். வெகுநேரமாக நிற்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"என்னய்யா நடந்துச்சு இன்னிக்கு? ஊரே சிரிக்குது."

"சார், மெயின் ஸ்டோர்ல ஒரு அம்மா" என்று தொடங்கினார் ஸ்வெட்டர் சார். உடம்பு முடியாமல் இருந்தவர், நாற்காலியில் தலையணை, செக்யூரிட்டி, ரேக்கு என்று எல்லாவற்றையும் சொன்னார். "ஒருத்தங்களை உள்ள விடமாட்டேன்னு சர்வர் சொன்னா, அது சின்ன விஷயம்னு தோணும் சார். வெளியில நிக்கறவங்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெருசுன்னு. அதைச் சரி பண்ணப் போய்த்தான் மறைஞ்சிருந்த கோளாறு எல்லாம் வெளியே வந்துடுச்சு."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தனையும் ஒரு ஆளுக்காகவா?"

"ஒரு ஆளுக்காகத்தான் சார்."

"இப்ப அந்த அம்மாவுக்குச் சரியாயிடுச்சா?"

ஸ்வெட்டர் சாருக்கு அது தெரியாது. எல்லாருக்கும் வந்துவிட்டது. அவளுக்கு வந்ததா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. மூவரும் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றார்கள்.

அது அடித்தது. ஒயர் கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார்! சார்! உள்ள விட்டுடுச்சு சார்!" அறை முழுக்க அவள் குரல் நிறைந்தது. "ஸ்டாக்கு, ரேக்கு, எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. என் பேரும் மேல வருது!"

ஸ்வெட்டர் சார் மேசையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து எதையோ தேடுவது போல் பாவனை செய்தார். ஒயர் அவர் முதுகில் தட்டினார். மேலாளர்கூடச் சிரித்துவிட்டார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார். நாள் பூரா எனக்காக உயிரைக் கொடுத்திருக்கீங்க."

"அதெல்லாம் பெரிய வார்த்தைம்மா. நம்ம ஆளுக்கு நாம செய்யாம வேற யாரு செய்வாங்க?"

"நல்லா சொன்னீங்கய்யா" என்றார் மேலாளர். தொலைபேசிக்குப் பக்கத்தில் குனிந்தார். "அம்மா, நான் பொது மேலாளர் பேசறேன். இனிமே எந்தக் கஷ்டம்னாலும் நேரா எங்ககிட்டயே சொல்லுங்க."

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தமும், மூச்சு வாங்க நடந்து வரும் செருப்புச் சத்தமும், அதன் பின்னால் ஓர் இளைஞனின் குரலும் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டன.

"அக்கா, லீவுல இருந்தீங்கன்னு உங்க அனுமதியை எடுத்து வச்சிருந்தோம், இப்பதான் திரும்பப் போட்டுட்டு வர்றேன். அது சரி, இந்த ஆஸ்பத்திரிக்கே கம்ப்யூட்டர் ஆளு நான் ஒருத்தன்தான், நீங்க காலையிலேருந்து யார்கிட்டக்கா பேசிட்டு இருக்கீங்க?"